கரிமேட்டு ஏரிக்கு வந்த மணியம்மாள்

ராஜவேலுவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டி கட்டுவதா பேண்ட் போடுவதா என்றே முடிவாகவில்லை. கட்டின பெண்டாட்டிதான் வருகிறாள். இவனோ பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். காதோரம் கொஞ்சம் சாயம் தடவினான். அது காதுமடலில் பட்டுக் கறுத்துப் போனது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கிடக்கட்டும் என்று வேட்டியையே கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குக் கிளம்பினான்.

பன்னிரண்டு வருஷமாக மணியம்மாள் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். இவன் இங்கே இருக்கிறான். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. அப்படி யாராவது சொன்னால் இரண்டு பேருமே அடிக்க வருவார்கள். அமாவாசைக்கு அமாவாசை இவன் அங்கே போவான். அவள் மீன் குழம்பு வைப்பாள், மச்சான் பாய் விரித்துக் கொடுப்பான், விடிந்ததும் இவன் பஸ் ஏறுவான். பெண்டாட்டி இருக்கிற வீட்டில் விருந்தாளியாகப் போய் வருகிற பிழைப்பு. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறவனுக்கு எப்படி இருக்கும்?

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மகள் ரம்யாவைப் பொன்னேரியில் கட்டிக் கொடுத்தாயிற்று. மணியம்மாளின் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், அந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை. யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. சொன்னால்தான் தெரியுமா? ராஜவேலு போனில் கேட்டான், இங்கேயே வந்துவிடேன் என்று. அந்தப் பக்கம் கோழி கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு நாள் வந்து பாக்குறேன்," என்றாள் கடைசியில். "பாத்துட்டுத்தான் சொல்லுவேன். புடிக்கலன்னா அப்பால இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. சரியா?"

சரி என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு நாள்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

அவன் அங்கே போய் இருந்துவிடலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாடு என்றால் என்னவென்று தெரியாது. பழவேற்காட்டுத் தண்ணீரில் எவனும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. கல்யாணம் ஆகி, ஊரிலேயே குடியிருக்கிற ஆம்பளைகளுக்குள் சீட்டுப் போட்டு, இன்ன இடம் இன்றைக்கு இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. மீன் புரளுகிற இடமும் வரும், சேறு மட்டும் வருகிற இடமும் வரும். உனக்கு வந்தது உனக்கு. அடுத்தவன் பாடு என்றால் அந்தப் பக்கம் துடுப்பைக்கூட நீட்டக் கூடாது. மீறினவனுக்கு ஊர் அபராதம் போடும். அபராதம் கட்டினாலும் அப்புறம் அவன் முகத்தைப் பார்த்து ஒருத்தரும் பேச மாட்டார்கள். ராஜவேலு பத்தொன்பது வயதிலேயே ஊரைவிட்டு மில்லுக்கு வந்தவன். அவன் பேரில் எந்தக் குப்பத்திலும் சீட்டு விழாது. போய் இருந்தால் மச்சான் படகில் கூலிக்கு வலை இழுக்கலாம். ஐம்பத்து மூன்று வயதில் அதற்கு மனசு வருமா?

மில் என்றால் ரோலிங் மில். இரும்புக் கட்டையை உலையில் சிவக்கப் பழுக்க வைத்து, உருளைகளுக்கு நடுவில் விட்டு, கம்பியாக இழுப்பார்கள். அந்தப் பக்கம் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வருகிற சிவந்த கம்பியைக் குறட்டால் பிடித்துத் திருப்பி விடுகிற வேலை இவனுக்கு. முன்னங்கை இரண்டிலும் தழும்பு இல்லாத இடம் கொஞ்சம்தான். மில்லின் மதிலுக்குப் பின்னால் கரிமேட்டு ஏரி. ஏரி என்று பேர். கசடையும் கரியையும் கரையில் கொட்டிக் கொட்டி மேடாகி, தண்ணீர் மேல் எண்ணெய் வானவில் காட்டிக்கொண்டு கிடக்கும். மழைக்காலத்தில் நுரை ரோட்டுக்கு வரும். கொடியில் வெள்ளைத் துணி போட்டால் சாயந்திரம் சாம்பல் துணி எடுக்கலாம். ரம்யாவுக்கு இரைப்பு வந்தது அந்த மதிலோரத்து மில் லைன் வீட்டில்தான், ராஜவேலு இன்னும் இருப்பதும் அங்கேதான். ஒரு வருஷத்தில் எத்தனையோ தடவை ஆஸ்பத்திரி. டாக்டர் பிள்ளையைக் கடற்காற்றுக்குக் கொண்டுபோங்கள் என்றார். மணியம்மாள் மறுநாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பிள்ளை தேறியது. திரும்ப இட்டுக்கொண்டு வர இவனுக்கு வாய் வரவில்லை, வர அவளுக்கு மனசு வரவில்லை. நாள் ஓடிவிட்டது.

அதற்கப்புறம் மில்லை மூடினார்கள். கொஞ்ச வருஷம் அங்கேயே வாட்ச்மேனாகப் பூட்டுக்குக் காவல் உட்கார்ந்தான். பிறகு ஒரு நாள் மண் அள்ளுகிற வண்டிகள் வந்தன. ஏரியைத் தூர் வாரினார்கள். கரைமேல் கல் பாவி நடைபாதை போட்டார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், ஊர்ப் பேரைப் பெரிய பெரிய எழுத்தில் இதயப் படத்தோடு நிறுத்தினார்கள். மில் ஷெட்டின் கூரையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே சாப்பாட்டுக் கடைகள் வந்தன. புகைபோக்கியை இடிக்காமல் அதற்கும் சீரியல் லைட் சுற்றினார்கள். சென்னையிலிருந்து ஜனம் காரில் வந்து இறங்குகிறது. எதைப் பார்த்தாலும் போட்டோ பிடிக்கிறது. இந்த ஏரியைப் பார்க்கவும் ஆள் வருமா என்று ராஜவேலு மாதக்கணக்கில் நம்பவே இல்லை. ஒரு நாள் காலையில் நீர்க்காக்கை ஒன்று முங்கி வாயில் கெண்டையோடு எழுந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினான்.

படகு விடுவதற்கு ஆள் எடுத்தார்கள். வந்து சேர்ந்த எட்டுப் பேரும் குப்பங்களிலிருந்து வந்து மில்லில் வெந்தவர்களே. மிதிபடகு நிறைய உண்டு, அதற்கு ஆள் ஏறத் தேவையில்லை, தள்ளிவிட்டால் போதும். கூரை போட்ட பெரிய துடுப்புப் படகு ஒன்றே ஒன்று. ஜனத்தை ஏற்றிக்கொண்டு கௌரவமாக ஏரியைச் சுற்றி வருவது அதில்தான். எட்டுப் பேருக்கும் அதன்மேல் கண். முதல் வாரமே அடிதடி வரப் பார்த்தது. அப்புறம் யாரும் சொல்லாமலே சீட்டுப் போட்டார்கள். நாலு மணி வரைக்கும் ஒருத்தன், நாலுக்கு மேல் விளக்குப் போடுகிற வரைக்கும் இன்னொருத்தன். மாற்றிக்கொள்வதென்றால் காலையில் எட்டுப் பேர் முன்னாலும் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். காண்ட்ராக்டருக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. படகு ஓடினால் சரி என்று விட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு நாலு மணி வரைக்கும் பூவராகவன் பாடு. நாலுக்கு மேல் ராஜவேலு பாடு. மணியம்மாளோ மூன்றரை ரயிலுக்குத் திரும்புகிறேன் என்றிருக்கிறாள். காலையில் எல்லோர் முன்னாலும் பாடு மாற்றிக் கேட்டிருக்கலாம். பெண்டாட்டிக்காகக் கேட்கிறான் என்று சிரிப்பார்களே என்று கேட்காமல் விட்டான். அங்கே தொடங்கியது எல்லாம்.

ரயிலிலிருந்து மணியம்மாள் வாடாமல்லி நிறப் புடவையில் இறங்கினாள். ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, ஒரு கையில் மஞ்சள் பை. இறங்கினதும் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"காதுல இன்னாய்யா கறுப்பா?"

"ஒண்ணுமில்ல, கிரீஸு."

"கிரீஸா? படகுக்கு எங்கய்யா கிரீஸு?"

"வா வா, ஆட்டோ நிக்குது."

ஆட்டோக்காரனிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தான், வடக்கு ரோடு வேண்டாம், சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலுக்குப் போ என்று. ஏரிக்கு இந்தப் பக்கம் எல்லாம் ஜோர். வடக்கு மூலையில் மட்டும் ஒரு ஓடை இன்னும் கறுப்பாகத்தான் வருகிறது. அது எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். ஏரிக்குள் விழாமல் மண் போட்டு மறித்து, தோட்டம் மாதிரி செடி வைத்து மறைத்திருக்கிறார்கள். அதை இன்றைக்கு ஒரு நாள் மணியம்மாள் பார்க்காமல் இருந்தால் போதும். இதுதான் அவன் போட்ட திட்டம். பெரிய திட்டம்தான்.

"ஸ்டேஷன்லேர்ந்து ஏரி பக்கம்னுதான சொன்னே? எம்மா நேரமா போறோம்," என்றாள் ஆட்டோவில்.

"ரோடு போடறாங்க."

"எங்க?"

"தோ, அங்கதான்."

அவள் வெளியே பார்த்தாள்.

கிழக்கு வாசலில் டிக்கெட் கொடுக்கிற பெண் ஏஞ்சலின். அவளுக்கு யாரையும் சும்மா விடத் தெரியாது. "அங்கிள், இவங்கதான் ஆன்ட்டியா? வாங்க ஆன்ட்டி. ஒரு வாரமா இவரு எங்கள உயிர வாங்கிட்டாரு. பெஞ்சு மேல காக்கா எச்சம் கீது தொடைங்கங்கிறாரு, விளக்கு எரியல போன் போடுங்கறாரு. யாரோ மந்திரிதான் வராங்கன்னு நெனச்சேன்."

மணியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காதுக்கு சாயம் போட்டது யாருமா, நீயா?"

"நானா இருந்தா முடிக்குப் போட்டிருப்பேன் ஆன்ட்டி."

ராஜவேலு வேகமாக முன்னால் நடந்தான். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம். சிரித்துவிட்டாள் அல்லவா.

நடைபாதையில் நடக்க வைத்தான். புகைபோக்கியைக் காட்டினான். ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், தோசைக்கல் போட்டிருக்கிற ஒரு இடத்தில் நின்று, "இங்கதான் மணி நான் நின்னேன். தோ, இந்த எடத்துல. கம்பி அங்கேர்ந்து வரும்," என்றான். தோசை போடுகிறவன் என்ன வேண்டும் என்று கேட்டான். மணியம்மாள் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவன் முன்னங்கையைத் தொட்டு, தழும்பின்மேல் விரலை ஓட்டி, சட்டென்று எடுத்துக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். நண்டுக் குழம்பு. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். எதிரே தண்ணீர் மார்கழி வெயிலில் மினுங்கியது. இத்தனை நாளில் இவ்வளவு நல்லபடியாக எதுவும் நடந்ததில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவனால் நிறுத்த முடியவில்லை. கூரைப் படகில் அவளை உட்கார வைத்து நடு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து பார்த்தால்தான் ஊர் ஊராகத் தெரியும். மணி இரண்டே முக்கால். துறையில் படகு கட்டிக் கிடந்தது. பூவராகவன் ஷெட்டுக்குப் பின்னால் சாப்பிடப் போயிருந்தான். அவன் வருவதற்குள் ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

"ஏறு மணி."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து படகில் கால் வைக்கிறவள், படகு ஆடக்கூட இல்லை. இவன் கயிற்றை அவிழ்த்துத் துடுப்பைப் போட்டான்.

"யாரு பாடுய்யா இப்ப?" என்று கேட்டாள் சாதாரணமாக. சீட்டுப் போட்டு ஓட்டுகிற கதையைப் போனில் பெருமையாகச் சொன்னவனே இவன்தான்.

"நம்மளுதுதான்."

இரண்டு தடவை துடுப்பு வலித்திருப்பான். கரையில் பூவராகவன் ஓடி வந்து நின்றான். கையில் சோறு அப்படியே ஒட்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம், கிழவரும் கிழவியும் பேரப்பிள்ளைகளுமாக. பூவராகவன் மணியம்மாளின் ஊர்க்காரன், இரண்டு வீடு தள்ளித்தான் அவன் வீடு. படகில் யார் என்று பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா நீயா? போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க. மாமா, பொறுமையா இட்டுகினு போ. இவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

அவன் திட்டியிருந்தால் பரவாயில்லை. மணியம்மாள் கரையைப் பார்த்தாள், டிக்கெட்டோடு நின்ற கிழவியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"திருப்பு."

"அவனே போவச் சொல்றான் மணி."

"திருப்புய்யா."

"இது இன்னா கடலா, காவாயா? ஜனம் சும்மா குந்திகினு சுத்தற படகு. இதுல போய் பாடு கீடுன்னு."

"அப்ப எதுக்குச் சீட்டு போடறீங்க? எதுக்கு எங்கிட்ட நம்மளுதுன்னு சொன்னே?" அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலும் தேவலாம். "எங்கப்பா பாடு அன்னிக்கி ஒருத்தன் வந்து வலை கட்டிட்டான். எறா ஓட்டம் இருந்த நாளு. கேக்கப் போனா, தெரியாம பண்ணிட்டேன் மாமா, மன்னிச்சிக்கன்னான். எங்கப்பாவும் நல்ல மனுசன் மாதிரி வுட்டுட்டாரு. அன்னிக்கி எங்க ஊட்ல ஒல வைக்கல. எனக்கு எட்டு வயசு. அவன் நல்லவனா கெட்டவனாங்கறது இல்லய்யா. குடுக்கறவன் குடுத்தாலும் அது அவன் பாடு. நாளைக்கி பூவராகவன் அம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அவன் திருப்பினான். படகு கரை தட்டுவதற்கு முன்பே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். முழங்கால் வரைக்கும் நனைந்தது. கிழவிக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டாள். பூவராகவன் சோற்றுக் கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு ஏறினான். மிதிபடகுத் துறையில் நின்ற மற்றவர்கள் திரும்பிக்கொண்டார்கள். பார்க்காத மாதிரி இருப்பது ஒரு மரியாதை. ராஜவேலுவுக்கு அந்த மரியாதைதான் உறைத்தது.

"உன் பாடு எப்போ?" என்றாள்.

"நாலு மணிக்கு."

"அதுவரைக்கும் இருக்கேன்."

"ரயிலு?"

"பொன்னேரில ரம்யா ஊட்ல தங்கிக்கறேன். பொண்ணு ஊடு எதுக்குக் கீது?" முந்தானையைப் பிழிந்தாள். "நாலு வரைக்கும் நான் ஊரப் பாக்குறேன். நீ கூட வராத."

"வழி தெரியாது மணி."

"ஏரிய சுத்தி ஒரே வழிதான கீது?"

போய்விட்டாள். ராஜவேலு மிதிபடகுகளைத் தள்ளிவிட நின்றான். தள்ளுகிறான், கண் மட்டும் கரைமேல். வாடாமல்லி நிறம் நடைபாதையில் சின்னதாகிக்கொண்டே போனது. இதயப் படத்தைத் தாண்டியது. தெற்கே திரும்பாதா என்று பார்த்தான். வடக்கே திரும்பியது. செடி வைத்து மறைத்த இடத்தில் நின்றது. செடியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியே விட்டது.

பின்னாலேயே ஓடலாமா என்று பார்த்தான். போட்டுவிட்டுப் போகவும் முடியாது, ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஏறுகிறவர்கள் சட்டை கேட்டார்கள், தண்ணீரில் போட்டுக்கொள்கிற ஆரஞ்சுச் சட்டை. எடுத்துக் கொடுத்தான். இறங்குகிறவர்கள் கை கேட்டார்கள், கொடுத்தான். வாடாமல்லி நிறம் திரும்ப வெளியில் வரவில்லை. அப்படியே ஓடை ஓரமாக நடந்து, வடக்கு ரோடு பிடித்து, ஸ்டேஷனுக்குப் போயிருப்பாள் என்று தோன்றிவிட்டது. தூக்கும் பையும் ஏஞ்சலினிடம் இருக்கிறதே என்று நினைத்ததும் கொஞ்சம் உயிர் வந்தது. தூக்குக்காகத் திரும்பி வருகிறவளா அவள் என்று நினைத்ததும் அந்த உயிரும் போனது.

பூவராகவன் ஒரு சவாரி முடித்து வந்தான். "மாமா, காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திகினு இருப்போமே," என்றான்.

"தப்புதான்டா."

"நான் ஒண்ணும் நெனச்சிக்கல."

"தெரியும். அதுதான் பேஜாரு."

நாலடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது அவள் மேற்குக் கரை வழியாக வந்தாள். ஏரியை முழுசாகச் சுற்றியிருக்கிறாள். முகம் வியர்த்திருந்தது, செருப்பில் கறுப்புச் சேறு. துறையில் வந்து நின்று சேற்றைக் கல்லில் தேய்த்தாள்.

"வடக்கால ஓட கறுப்பா கீது."

"தெரியும்."

"தெரிஞ்சிகினுதான் ஆட்டோவ சுத்தி இட்டாந்தியா?"

ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டான். "பாத்தா வரமாட்டேன்னு நெனச்சேன்."

"வாட ஸ்டேஷன்லயே வந்துச்சிய்யா. எனக்கு மூக்கு இல்லியா? மீன் விக்கறவளுக்கு எது அழுகல், எது நல்லதுன்னு தெரியாதா? நீ எப்ப சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன். நீ ரோடு போடறாங்கன்றே, கிரீஸுன்றே, என் பாடுன்றே. ஒரு நாள்ல மூணு பொய்யி."

பன்னிரண்டு வருஷம் ஒருத்தி விட்டுப் போன வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்றவனுக்கு, ஒரே ஒரு நாளில் எல்லாவற்றையும் சரியாகக் காட்டிவிட வேண்டும் என்கிற வெறி எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லலாம். "நாலாச்சி," என்று மட்டும் சொன்னான்.

பூவராகவன் துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். மணியம்மாள் ஏஞ்சலினிடம் போய் டிக்கெட் வாங்கினாள். ஏஞ்சலின் வேண்டாம் என்றதற்கு, "நீ உன் வேலையப் பாரும்மா," என்றாள். வரிசையில் நின்றுதான் ஏறினாள். அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதியும், காலேஜ் பெண்கள் நாலு பேரும் ஏறினார்கள். படகு கிளம்பியது.

நடு ஏரிக்கு வந்ததும் காற்று மேற்கே இருந்து வந்தது. காலேஜ் பெண்கள் புகைபோக்கி பின்னால் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தார்கள். அம்பத்தூர் அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டும்போல. மணியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இந்த ஊருங்களா? எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகப்போறாரு. இங்க வந்துடலாமான்னு பாக்குறோம். இருக்கறதுக்கு எப்படி இருக்கும்?"

ராஜவேலுவின் துடுப்பு தண்ணீரிலேயே நின்றது. படகு கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கியது.

மணியம்மாள் கரையைப் பார்த்தாள். "நான் பழவேற்காடும்மா. இவரு என் ஊட்டுக்காரரு, இந்த ஊரு," என்றாள். "வடக்குப் பக்கம் வாங்காதீங்க. ஓட இன்னும் நாறுது. அங்க கீற பொம்பளைங்க இன்னிக்கும் தண்ணி லாரிக்குத்தான் நிக்கறாங்க. மேற்கால மேட்டுத் தெருன்னு ஒண்ணு கீது. அங்க தேவல. காத்து ஏரி மேல வருது. கொடியில வேட்டி காஞ்சிகினு இருந்துச்சி, வெரல வெச்சித் தேச்சிப் பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சி."

"யார் வேட்டி?" என்று அம்பத்தூர் அம்மா சிரித்தாள்.

"யாருதோ. அந்த ஊட்டுக்காரம்மா சண்டைக்கு வந்துட்டாங்க, எதுக்கும்மா என் புருசன் வேட்டியத் தடவறேன்னு. அப்பால குந்தவெச்சி மோர் குடுத்தாங்க."

காலேஜ் பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்பத்தூர் அய்யா வாடகை எவ்வளவு இருக்கும் என்று கேட்க ஆரம்பித்தார். மணியம்மாள் அதற்குப் பதில் சொல்லாமல் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அவங்க ஊட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு காலியா கீது. ரெண்டு ரூமு, பின்னால தொவைக்கற கல்லு. சாவி அந்தம்மா கிட்டதான். அஞ்சு மணிக்கு வந்து தொறந்து பாக்குறேன்னு சொல்லிட்டேன்."

ராஜவேலு துடுப்பைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். கேட்டது சரிதானா என்று இன்னொரு தடவை கேட்கவும் பயமாக இருந்தது.

"நாம இருக்கறதுக்கா?"

"பின்ன பூவராகவனுக்கா? உன் லைன் ஊட்டுக்கு நான் வரமாட்டேன். அங்கதான் பொண்ணு மூச்சுக்குத் தவிச்சிச்சி. நீயும் அங்க இருக்கக் கூடாது. அண்ணன் பையன் கல்யாணம் பொங்கல் கழிச்சி. அது முடிஞ்சதும் வரேன்." செருப்பில் மிச்சமிருந்த சேற்றைப் பார்த்தாள். "அந்த ஓட சமாச்சாரத்துக்கு வடக்குத் தெரு பொம்பளைங்க மாசா மாசம் பஞ்சாயத்து ஆபீஸ்ல போய் குந்திக்கறாங்களாம். வந்தப்புறம் நானும் போவேன். அப்ப ஆட்டோவ சுத்தி ஓட்டச் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"படகு ஒரு பக்கமா போவுது பாரு. காசு குடுத்து ஏறியிருக்காங்க."

அவன் அவசரமாக வலித்தான். துடுப்பு தண்ணீரைத் தவறி அடித்து அம்பத்தூர் அய்யாவின் பேண்ட் நனைந்தது. மன்னிப்புக் கேட்டான். அவர் பரவாயில்லை என்றார். அவருக்கு வாடகைக் கவலை.

கரை சேர்ந்ததும் மணியம்மாள் தூக்கையும் பையையும் வாங்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குக் கிளம்பினாள். ராஜவேலுவுக்குக் கூடப் போக ஆசை. வரிசையில் ஆள் நின்றது, விளக்குப் போடுகிற வரைக்கும் அவன் பாடு. பூவராகவன் பக்கத்தில் வந்து, "நான் பாத்துக்கவா மாமா?" என்று வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிவிட்டுப் போனான். ராஜவேலு அடுத்த சவாரிக்கு ஏற்றினான். சட்டை கொடுத்தான், பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்தான், வலித்தான்.

ஏரி நடுவில் போன் அடித்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு எடுத்தான்.

"இன்னாய்யா, கேக்குதா? கொழாயில தண்ணி வருது, உப்பு கெடயாது. செவுத்துக்கு வெள்ள அடிக்கணும். ஜன்னலு ஒண்ணு மூட மாட்டேங்குது, ஈரத்துல ஊதிக்கினு கீது. வர்றப்ப சுத்தியும் மரம் தேய்க்க ஒரு உப்புத்தாளும் வாங்கியா. அந்தம்மா கிட்ட இல்லியாம்."

"வாங்கியாரேன்," என்றான். போனை வைத்துவிட்டு, படகில் இருந்த ஒருத்தரிடம் உப்புத்தாள் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்டான். அவர் வெளியூர், தெரியாது என்றார்.